பேரு கேக்கறதுக்கு முன்னாடி சோறு

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் யாருக்கு வாடகைக்கு வூடு வேணும்னாலும் இந்த புரோக்கர் தீனாவுக்குத்தான் போன் வரும். பெருமைக்குச் சொல்லல, உள்ளதைச் சொல்றேன். ஆனா லேசுப்பட்ட தொழில் இல்ல இது. ஓனருங்க கேக்கற கேள்வி கீதே, போலீஸ் ஸ்டேஷன்ல கூட அவ்ளோ கேக்க மாட்டான். இன்னா ஆளுங்க, கல்யாணம் ஆச்சா, வூட்டுக்காரரு எங்க, யார் யாரு வந்து போவாங்க... அதனால வூடு தேடி வர்ற பார்ட்டிக்கு நானே பதிலைச் சொல்லிக் குடுத்துடுவேன். தனியா இருக்கற பொண்ணா? புருஷன் துபாய்ல. முடிஞ்சுது கதை, சாவி கைக்கு வந்துடும்.

பிளஸ்ஸி மேடத்துகிட்டதான் என் பருப்பு வேகல.

அவங்க தாம்பரத்துல ஒரு காலேஜ்ல டீச்சரு. பழைய கிரீஸ், ரோம் நாட்டுக் கதை, நாடகம், இதான் அவங்க பாடம். டைவர்ஸ் ஆயிடுச்சு. தங்கியிருந்த ஹாஸ்டலை இடிச்சுக் கட்டப் போறாங்க, இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணியாவணும். வூடு கெடைக்கலன்னா வேலைய வுட்டுட்டு திருநெல்வேலில அண்ணன் வூட்டுக்குத்தான் போவணும். "அங்க போனா மறுபடியும் அந்த ஆளோடயே சேர்த்து வைக்கப் பார்ப்பாங்கண்ணா. எனக்கு இந்த வேலைதான் எல்லாம்"ன்னாங்க. எனக்கே பேஜாராப் போச்சு.

அந்த ஞாயித்துக்கெழமை காலைலருந்து சுத்துறோம். போன எடமெல்லாம் துபாய் கதையை நான்தான் அவுத்து வுடறேன், மேடம் தலையைக் குனிஞ்சுகினு நிக்கறாங்க. அந்த மூஞ்சியப் பாத்தா எவன் நம்புவான்? "யோசிச்சு சொல்றோம்." நம்ம பாஷையில அதுக்கு 'கெளம்பு'ன்னு அர்த்தம்.

கேம்ப் ரோடு டீக்கடைல நின்னு கத்திட்டேன். "ஏம்மா, ஒரு பொய்யி, சின்னப் பொய்யி, அதைக் கொஞ்சம் சிரிச்ச மூஞ்சா சொன்னா கொறைஞ்சா பூடுவீங்க?"

அவங்க கோவப்படல. டீயைப் பாத்துக்கினே சொன்னாங்க: "நான் நடத்தற கதைகள்ல ஒரு வழக்கம் வரும்ணா. வாசல்ல யாராவது வந்து நின்னா, கை கால் கழுவத் தண்ணி குடுப்பாங்க, சாப்பாடு போடுவாங்க. வயிறு நெறைஞ்சப்புறம்தான் நீ யாரு, எந்த ஊருன்னு கேப்பாங்க. அதுக்கு முன்னாடி பேரைக் கேக்கறதே மரியாதை இல்ல. வழிப்போக்கனுக்குத் துணையா பெரிய சாமியே இருக்குதுன்னு பயம்."

"சாப்ட்டப்புறம் வந்தவன் உண்மையைச் சொல்வானா?"

மேடம் அன்னிக்கு மொத தடவையா சிரிச்சாங்க. "எங்க? பெரிய வீரனெல்லாம் நல்லா சாப்ட்டுட்டு ஒக்காந்து பொய்யா அளப்பான்."

"பாத்தீங்களா! உங்க கிரீஸ்காரனே அளக்கறான், உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

கடைசியா ராஜகீழ்ப்பாக்கத்துல கிளியம்மாள் வூடு. அந்தக் காலத்துல ஏரி ஓரம் நெலமெல்லாம் அவங்களுதுதான், இப்போ எல்லாம் பிளாட்டு. வூட்டுக்காரரு தவறிட்டாரு. பையன் முகிலன் சிறுசேரில கம்ப்யூட்டர் வேலை. கீழ அவங்க, மாடி காலி. நல்ல மனுஷிதான், ஆனா கேட்டுக்குள்ள ஒரு காலை வெக்கறதுக்குள்ள ஜாதகத்தையே கேட்டுடுவாங்க.

அன்னிக்கும் அதேதான். கேட்டைத் தொறக்காமலே, "வூட்டுக்காரரு வரலியா? எங்க வேலை அவருக்கு? நீங்க இன்னா ஆளுங்க?"

நான் மேடத்தைப் பாக்கறேன். வெயில்ல மூஞ்சி செவந்து போய், கேட்டுக் கம்பியைப் புடிச்சுகினு நிக்கறாங்க. காலைலருந்து ஒரு டீதான். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோவம் வந்துச்சோ, துபாய் கிபாய் எல்லாம் மறந்துபோச்சு. "யக்கா! கிரீஸ்காரன்கூட மொதல்ல சோத்தைப் போட்டுட்டுத்தான் பேரைக் கேப்பானாம். நீ இன்னான்னா வெயில்ல நிக்க வெச்சு விசாரணை பண்றே!"

கிளியம்மாள் இடுப்புல கைய வெச்சாங்க. "எவன்டா அவன் கிரீஸ்காரன்? எனக்குச் சோறு போடக் கத்துக் குடுக்கறவன்? ஏர் ஓட்டுன குடும்பம்டா இது. எங்க களத்துல வந்தவன் போனவன் எத்தினி பேரு தின்னுட்டுப் போனான்னு ஊரைக் கேளு!" படார்னு கேட்டைத் தொறந்தாங்க. "ரெண்டு பேரும் உள்ள வாங்க. ஒரு கேள்வி கேக்கறனா பாரு!"

கேக்கல. சத்தியமா கேக்கல. கை கழுவத் தண்ணி, வாழை இலை, சுடச்சுட சோறு, கருவாட்டுக் குழம்பு. கிளியம்மாளுக்குக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்து வந்து முட்டுது, எச்சிலோட சேத்து முழுங்கறாங்க. கிரீஸ்காரன்கிட்ட தோத்துடக் கூடாதில்ல! அதுக்குப் பதிலா கிரீஸைப் பத்திக் கேட்டாங்க.

"சாப்பாட்டோட அவங்க இன்னா குடுப்பாங்க?"

"ஒயின்மா, தண்ணி கலந்து."

"கருமம். மோர் குடுக்க மாட்டானா?"

"ரோம்காரங்களும் இப்படித்தான்மா. அவங்க பாஷைல விருந்து வைக்கறவருக்கும் விருந்தாளிக்கும் ஒரே வார்த்தை. ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல் எல்லாம் அந்த வார்த்தையோட வழியில வந்ததுதான்."

"அடேங்கப்பா!" கிளியம்மாள் இன்னொரு கரண்டி குழம்பை ஊத்துனாங்க. "வர்றவன் யாருன்னே தெரியாம எப்படிம்மா நம்பி உள்ள வுட்டாங்க?"

"சாமியே மாறுவேஷத்துல வரலாம்னு நெனைச்சாங்க."

கிளியம்மாள் கரண்டியோட அப்படியே நின்னாங்க. "நம்மகிட்டயும் அந்த மாதிரிக் கதை உண்டே. எங்க வாசல்ல அந்தச் சாமி வந்திருந்தா, வூட்டுக்காரரு எங்கன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிச்சிருப்பேன் போல."

மோர் குடிச்சு முடிச்சாச்சு. முகிலனும் வந்து சேர்ல ஒக்காந்தான். "இப்ப கேக்கலாமில்ல?"ன்னாங்க கிளியம்மாள். "நீ யாரும்மா?"

நான் மேடத்துக்குக் கண்ணைக் காட்டறேன். துபாய், துபாய்!

மேடம் கையை மடில வெச்சுகினு சொன்னாங்க. "பேரு பிளஸ்ஸி. கிறிஸ்டியன். டைவர்ஸ் ஆகி தனியா இருக்கேன். இவரு சொல்லச் சொன்ன மாதிரி துபாய்ல புருஷன் யாரும் இல்லமா. வீடு கிடைக்கலன்னா வேலையை விட்டுட்டு ஊருக்குப் போகணும்."

போச்சுடா சாமின்னு நான் தலைல கைய வெச்சுட்டேன்.

"மா," முகிலன் மெதுவாச் சொன்னான், "யோசிச்சு சொல்றோம்னு சொல்லிடு."

கிளியம்மாள் அவனைக் கண்டுக்கல. "வாசல்லயே கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பே?"

"துபாய்னுதான் சொல்லியிருப்பேன்மா."

"இப்ப ஏன் சொல்லல?"

"உங்க சோத்தைத் தின்னுட்டு வாய் வரலமா."

 கிளியம்மாள் என் பக்கம் திரும்பி, "முன்னாடி மாடில குடியிருந்தாளே சுபத்ரா, அவ புருஷனுக்குக் கப்பல்ல வேலைன்னியே, அதுவும் நீ வுட்ட கப்பல்தானாடா?"

நான் இலையைப் பாத்துகினு இருந்தேன்.

"அப்பப்ப மேல அழுவற சத்தம் கேக்கும்டா. இன்னாம்மான்னு போய்க் கேட்டா, ஜலதோஷம் ஆன்ட்டின்னுவா. நானும் வந்துடுவேன்." கிளியம்மாள் அண்ணாந்து மாடிப் பக்கம் பாத்தாங்க. "உண்மையை எப்படி சொல்லுவா? நான் வாசல்ல நிக்க வெச்சுக் கேட்டு வாங்குன பொய்யாச்சே. உள்ள வந்தப்புறம் அதை எப்படி மாத்துவா? என் தலைக்கு மேல ஒரு பொண்ணு தனியா கெடந்து அழுதிருக்கா, எனக்குத் தெரியாமப் போச்சே!"

"மா, அக்கம் பக்கத்துல..."ன்னு முகிலன் ஆரம்பிச்சான்.

"சோத்தைப் போட்டுட்டு இன்னாடா யோசனை? போய் மாடிச் சாவியை எடுத்துனு வா."

அவன் எந்திரிச்சுப் போனான். முணுமுணுத்துகினுதான் போனான், ஆனா போனான். மேடம் வாயைப் பொத்திக்கினாங்க. தோள் ரெண்டும் குலுங்குது. எனக்கும் கண்ணுல தண்ணி, குழம்புக் காரம்னு சொல்லிக்கினேன்.

கிளியம்மாள் சாவியை அவங்க கைல வெச்சு, விரலை மூடிப் புடிச்சுகினாங்க. "இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ்ளோ பெரிய மாடில தனியா படுக்க பயமா இருக்குமா?"

மேடம் கண்ணைத் தொடைச்சாங்க. "இருக்கும்மா."

"பயமா இருந்தா எறங்கி வந்து கதவைத் தட்டு. யாருன்னு கேக்காமலே தொறக்கறேன்."