துடக்கு வீட்டு இரத்தம்

என் மனுசனுக்கு ஓ நெகற்றிவ். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர் உண்மையிலேயே அபூர்வமானவர்.

வயிற்றுப்புண் வெடித்து இரத்தமாய்ச் சத்தி எடுத்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இனசனம் முழுக்கச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றது. அத்தனை பேரும் பொசிற்றிவ். ஓ நெகற்றிவ்காரருக்கு ஓ நெகற்றிவ் மட்டும்தான் சேருமாம். பெற்ற மகன் நிருஷனுடையதைக்கூட ஏற்றக்கூடாது என்றாள் அங்கே நின்ற இளம் டொக்டர் பிள்ளை. 'எங்கடை பரம்பரை இரத்தம்' என்று இவர் வாய் கிழியக் கதைத்ததெல்லாம் அந்த இடத்திலேயே அவிந்து போனது.

இரத்த வங்கியிலும் முடிந்துவிட்டது. முன்பு இரத்ததான முகாமில் கொடுத்தவர்களில் பொருந்துகிறவன் ஒருவன்தான் கிட்டடியில் இருந்தான். புத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிவரூபன். கூப்பிட்டதும் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். நிருஷன் சும்மா கிடக்காமல் அதைத் தகப்பனிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

"உவன்ரையோ? வேண்டாம்," என்றார் இவர்.

சிவரூபனின் தகப்பன் போன கிழமைதான் செத்தார். முப்பத்தொரு நாளும் துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு; அந்த வீட்டார் கோயில் வாசல் மிதிக்க மாட்டார்கள். இவரோ கோயில் தலைவர். வாற வெள்ளி கொடியேற்றம்.

"துடக்குக்காரன்ரை இரத்தம் உடம்பிலை ஓடினால் நான் எப்பிடியடி கொடிமரத்தடியிலை நிக்கிறது?"

பின்னேரத்துக்குள் ஏற்றாவிட்டால் ஆள் தப்பாது என்று டொக்டர் பிள்ளை எனக்கு முதலே சொல்லியிருந்தாள். பயம் வந்தால் எனக்கு வாய்தான் நீளும்.

"இஞ்சாருங்கோ, ஏத்தாட்டில் இண்டைக்கே போய்ச் சேருவியள். பிறகு எங்கடை வீடு முழுக்கத் துடக்கு. கொடியேத்தத்துக்கு ஆர் நிப்பார், சொல்லுங்கோ? உங்கடை உபதலைவர் அருட்செல்வன். பட்டு வேட்டியோடை முதல் மரியாதைக் காளாஞ்சியும் அவர்தான் வாங்குவார்."

மூடிக் கிடந்த கண் முழுதாகத் திறந்தது.

"அவனோ?"

"ஓம், அவர்தான்."

கையை நீட்டினார். நாசமாய்ப் போன மனுசன்! இத்தனை வருசமாய் ஏசி ஏசிப் பழகிவிட்டேன், இவர் போனால் நான் என்ன செய்வேன்?

சிவரூபன் இரத்த வங்கிக் கட்டிலில் படுத்திருந்தான். கொள்ளி வைக்க வழித்த மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை.

"அன்ரி, அப்பாவின்ரை செத்தவீட்டை அங்கிள் எட்டியும் பாக்கேல்லை. துடக்கு ஒட்டிப்போடுமெண்டு வேலிக்கு அங்காலையே நிண்டவர். எனக்கு அவரிலை சரியான கோவம்."

"தெரியும் அப்பன்."

"உந்தக் கோவம் இரத்தத்தோடை போய் அவருக்கு ஏதும் செய்து போடுமோ எண்டு நேர்ஸ் அக்காவிட்டைக் கேட்டனான். ஒண்டும் செய்யாதாம். அதுதான் பேசாமல் படுத்துக் கிடக்கிறன்."

அவனுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதேன்.