கருகாத புல்

சிவசுப்பிரமணியன் போனில் "மேடம்" என்று கூப்பிட்டதில்தான் மலர்க்கொடி விழுந்தாள். உடையார்பாளையம் கடைத்தெருவில் அவள் பூச்சிமருந்துக் கடை வைத்து மூன்று வருஷம் ஆகிறது. மேடம் என்று யார் யாரோ கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்தப் பெரிய வீட்டு மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல் வருமென்று அவள் எதிர்பார்த்ததில்லை. யாருடைய கடை என்று தெரியாமல்தான் கூப்பிட்டார். மகன் பரணிதரனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் வீட்டார், வீடு பார்க்க வரப்போகிறார்களாம். முன்வாசல் பூப்பாத்தி முழுக்கப் புல் மண்டிக் கிடக்கிறதாம். பூச்செடி சாகாமல் புல் மட்டும் சாகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது. பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் அடிக்கிற மருந்துதான். பூச்செடியை ஒன்றும் செய்யாது. புல்லை மட்டும் குருத்தில் பிடிக்கும். கடை வாசலில் இருந்த செவ்வந்தித் தொட்டிகளில் அவளே அடித்துப் பார்த்திருக்கிறாள். பாட்டிலைக் கொடுத்து, கலக்குகிற அளவைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் "நானே வந்து அடிச்சுக் குடுக்குறேங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஏன் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்த வீட்டுப் பாத்திகளில் அவளுடைய அம்மா அஞ்சலை காலமெல்லாம் குந்தி உட்கார்ந்து களை பிடுங்கியவள். கடை திறந்த அன்றைக்கே மலர்க்கொடி அம்மாவை நிறுத்திவிட்டாள். அம்மாவைத்தான் நிறுத்த முடிந்தது. அந்த வீட்டை நிறுத்த முடியவில்லை. பொங்கல் வந்தால், விருந்தாளி வந்தால், அஞ்சலை சும்மாதானே இருக்கிறாள் என்று ஆள் வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் காய்ச்சல், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று மலர்க்கொடி ஏதாவது பொய் சொல்லி அனுப்புவாள். இந்த ஒரு தெளிப்போடு அது ஓயவேண்டும். களை பிடுங்க ஆளே வேண்டாம் என்று அந்த வீட்டை ஆக்கிவிட்டால், அம்மா அங்கே இனி ஒருநாளும் குனிய வேண்டியதில்லை.

பாத்தியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. செங்கல்லைச் சாய்வாகப் புதைத்து, ஒன்றுவிட்டு ஒன்றுக்கு நீலமும் வெள்ளையும் அடித்திருந்தார்கள், ஏதோ போலீஸ் ஸ்டேஷன் வாசல் போல. உள்ளே நாலு ரோஜா, கொஞ்சம் கனகாம்பரம், சோகை பிடித்த செவ்வந்தி. மிச்சமெல்லாம் அருகும் குதிரைவாலிப் புல்லும். இத்தனை ஏக்கர் முந்திரி வைத்திருக்கிற வீட்டில் தன் வாசலில் தானே குனிய ஒருவருக்கும் முதுகு வளையாது.

முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு தெளிப்பானை முதுகில் மாட்டினாள். அப்போது சிவசுப்பிரமணியனின் மனைவி ரத்தினம்மாள் வெளியே வந்தாள். கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள்.

"நீ அஞ்சல மவதான? முவத்த மூடிக்கிட்டா தெரியாதா? ஒங்கம்மா வல்லியா?"

அத்தோடு போனில் வந்த மேடம் போய்விட்டாள். அதற்குப் பிறகு சிவசுப்பிரமணியன் அவளை எந்தச் சொல்லாலும் கூப்பிடவில்லை. "இந்தப் பக்கம்", "அந்த மூலை" என்று திசைகளோடு நிறுத்திக்கொண்டார்.

மலர்க்கொடி பாத்தி முழுக்க அடித்து முடித்து, கவசத்தைக் கழற்றிவிட்டு, படிப்படியாகச் சொன்னாள். இந்த மருந்தில் புல் உடனே கருகாது. உள்ளே குருத்துதான் முதலில் அழுகும். மஞ்சளாகிக் காய பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது. கடைசியாக, அதற்காகவே வந்தவள் போல, "இனிமே களைக்குன்னு ஆள் கூப்புடவே வேணாங்க" என்றாள். ரத்தினம்மாள் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்தில் களைக்கொல்லி என்றால் ஒன்றுதான். காலையில் வரப்பில் அடித்தால் பொழுது சாய்வதற்குள் தீ வைத்தமாதிரி கருகிக் கிடக்க வேண்டும். அப்படிக் கருக்காத மருந்தெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர்தான்.

அடுத்த வாரம் ஒரு மருந்துக் கம்பெனி பெரம்பலூரில் கடைக்காரர்களுக்குக் கூட்டம் போட்டது. கல்யாண மண்டபத்தில் மக்காச்சோளப் புழுவைத் திரையில் யானை அளவுக்குக் காட்டினார்கள். பிரியாணியும் ஆளுக்கொரு பையும் கொடுத்தார்கள். மலர்க்கொடியின் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பூப்பாத்திதான். புல் பழுத்து மடிகிறது, ரோஜா நிற்கிறது, ரத்தினம்மாள் வாசலில் நின்று வாயடைத்துப் பார்க்கிறாள். இதை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தோம் என்று நினைத்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது. மதிக்காதவர்கள் என்று தெரிந்த பிறகும் அவர்கள் மெச்சுவதைப் பார்க்க இந்த மனசு எதற்கு இப்படிப் பறக்கிறது?

சாயங்காலம் ஊர் திரும்பினால் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்துத் தையல்கடை வெற்றிச்செல்வி சொன்னாள்: பெரிய வீட்டிலிருந்து கார் வந்ததாம். பரணிதரனே இறங்கிக் கதவைத் திறந்துவிட, அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து போனாளாம்.

ஸ்கூட்டியை அந்த வீட்டு வாசலில் நிறுத்தியபோது அம்மா பாத்திக்குள் குந்தியிருந்தாள். பாதிக்கு மேல் சுத்தமாகியிருந்தது. நாற்காலியில் இருந்த ரத்தினம்மாள் எழுந்திருக்கவில்லை.

"ஒன் மருந்து வெறும் தண்ணிம்மா. புல்லு பச்சப்பசேல்னு அப்புடியே நின்னுச்சு. ஒங்கம்மா கையப் பாரு. தொட்டா போதும், வந்துருது."

மலர்க்கொடி பாத்தியோரம் போனாள். பிடுங்கிப் போட்ட குவியலில் ஒரு தூரை எடுத்துக் குருத்தை இழுத்தாள். அது உருவிக்கொண்டு வந்தது. மேலே பச்சை, அடியில் பழுப்பேறி, அழுகி, நசநசவென்று இருந்தது. அதை ரத்தினம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது கைக்கு வந்ததில்லீங்க. மருந்துக்கு வந்தது."

ரத்தினம்மாள் அதைப் பார்க்கவில்லை, அஞ்சலையைப் பார்த்தாள். அம்மா தலை நிமிராமல் சிரித்தாள்.

"அது கெடக்குது. புடிக்கிற எடத்துல புடிச்சா வராம எங்க போவும்?"

மலர்க்கொடி அழுகின குருத்தோடு நின்றாள். அந்த விரல்களுக்கா தெரியாது? முதல் தூரைத் தொட்டபோதே, இது பிடுங்காமலே செத்த புல் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் சொல்கிறாள்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவளிடம் கேட்டாள், "ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? காரு எனக்குத்தான வந்துச்சு."

சீ என்று இருந்தது. ஒரு முன்சீட்டுக்கு விலைபோன பொம்பளை. அந்த வெறுப்பு வீடு வரைக்கும் கூட வந்தது. வண்டியை நிறுத்தும்போதுதான் மலர்க்கொடிக்குத் தன் விலை நினைவுக்கு வந்தது. போனில் ஒரு மேடம். முன்சீட்டிலாவது உட்கார்ந்து போகலாம்.

மறுநாள் காலையில் சிவசுப்பிரமணியன் மறுபடி போன் செய்தார். புல் போன இடத்தில் கோரை மட்டும் நிற்கிறதாம். கோரை புல்லினமே இல்லை, இந்த மருந்துக்கு அது சாகாது என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் மருந்தைக் கேட்கவில்லை. அம்மாவை அனுப்பச் சொன்னார்.

"எங்க வூட்டுல களை எடுக்க யாருமில்லீங்க. இனிமே இதுக்கு போன் பண்ணாதீங்க."

வைத்துவிட்டாள். மூன்று வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். சொன்னபோது அது நன்றாகத்தான் இருந்தது. திரும்பினால் வாசற்படியில் அம்மா, வேலைக்குக் கட்டுகிற பழைய புடவையில், கொண்டையை முடிந்துகொண்டு நின்றாள்.

"யாரு போன்ல?"

"அந்த வூடுதான். நீ வரமாட்டன்னு சொல்லிட்டேன்."

அம்மா முடிந்த கொண்டையைவிட்டுக் கையை எடுத்தாள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டியா? அந்த ரத்தினம்மா என்ன வேணா இருக்கட்டும். நாளைக்கும் வரியா அஞ்சலன்னு நேத்தே கேட்டா."

மலர்க்கொடியிடம் பதில்கள் நிறைய இருந்தன. மானம், வயசு, முழங்கால் வலி. ஒவ்வொன்றையும் நாக்கு நுனிவரை கொண்டுவந்து பார்த்தாள். அம்மாவுக்கு எது ஆகும், எது ஆகாது என்பதைத் தீர்மானிக்கத் தான் இருக்கிறோம் என்ற தொனி எல்லாவற்றிலும் இருந்தது. அந்தத் தொனியை அவள் அந்த வீட்டு வாசலில் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறாள்.

அம்மா வாசலைத் தாண்டவும் இல்லை, புடவையை மாற்றவும் இல்லை. மகளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். ரத்தினம்மாளைக்கூட அப்படி ஒருநாளும் பார்த்திராத பார்வை அது. பிறகு உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.