பிறக்காதவரிடம் பொறுப்பை ஒப்படைத்தல்

கோவில்பட்டி அணியின் தடுப்பாட்டக்காரர் பவுன்ராஜ் பதினான்கு வருடங்களில் இருநூற்று அறுபத்திரண்டு ஆட்டங்கள் ஆடியிருந்தார். ஹாக்கி மட்டையை ஒருமுறைகூடக் கையால் தொட்டதில்லை. பாவனை லீக்கில் அதற்கு அவசியம் கிடையாது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு லீக் அலுவலகத்துக் கணினி ஆட்டத்தைக் கணக்குப் போட ஆரம்பிக்கும். பட்டியலில் பெயருள்ள பதினாறு பேரும் தங்கள் அணியின் ஊர் எல்லைக்குள் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்தேகாலுக்கு முடிவு வரும். அடிபட்ட காயம் திங்கட்கிழமை காலையில் வரும்.

அப்படி வந்த தழும்புகள் பவுன்ராஜின் முழங்காலுக்குக் கீழே ஒன்பது. மஞ்சள் அட்டை வாங்கிய நாட்களில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஐந்து நிமிடம் தெருவில் உட்காருவார். மனைவி ஜெயக்கொடி ஜன்னல் வழியாக, "இன்னைக்கு யாரை இடிச்சுத் தள்ளுனீங்க?" என்று கேட்பாள். அவருக்கே தெரியாது. மறுநாள் அறிக்கை வந்தால்தான் தெரியும்.

பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் வயது, வேகம், மூச்சு, முரட்டுத்தனம் என நான்கு கட்டங்கள் உண்டு. கட்டத்தில் எழுதியிருப்பதுதான் உடம்பில் இருக்கும். போன ஜூனில் அவருடைய வேகத்தை ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்றாகக் குறைத்தார்கள். அன்றிலிருந்து வேலைக்குத் தினமும் ஏழு நிமிடம் பிந்திப் போனார். அவருக்கு வேலை, தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துவது. வேகம் குறைந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்கில் தப்பில்லை என்றால் பவுன்ராஜ் கோபப்பட மாட்டார்.

வெள்ளிக்கிழமை காலை புதிய பட்டியல் ஒட்டப்பட்டபோதுதான் கோபப்பட்டார். மூன்று வருடம் கடைசியாக வந்த அணியைப் புது மேலாளர் இன்பசேகரன் மறுகட்டமைப்புச் செய்திருந்தான். பதினாறு பேரில் பதின்மூன்று பேர் வெளியே. கோல்காப்பாளருக்குப் பதிலாக ஒரு கோல்காப்பாளர் வந்திருந்தார். இடது ஓரத்தில் ஆடிய சிவஞானத்துக்குப் பதிலாக இரண்டு பேர். நான்காம் எண்ணுக்கு எதிரில் இப்படி இருந்தது: 'பவுன்ராஜ், தென்காசி அணிக்கு. பதிலாக, அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் பிறக்கவிருக்கும் ஆட்டக்காரர் ஒருவர்.'

பட்டியலில் இரண்டு சந்திப்பிழைகள் இருந்தன. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து முதலில் அவற்றைத் திருத்தினார். பிறகு மறுபடி கோபத்தைத் தொடர்ந்தார்.

தென்காசி நல்ல ஊர்தான். சாரல் அடிக்கும். ஆனால் ஞாயிறு நான்கு மணிக்குள் அங்கே போய் நாற்காலி போட வேண்டும். குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்கவும் வேண்டும் என்பது விதி. ஜெயக்கொடி இங்கே பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். கேட்டவுடன், நான் வரவில்லை, நீங்கள் வேண்டுமானால் பாவனையாகப் போய்க்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அதைவிட அவரை வதைத்தது இன்னொன்று. ஆளுக்கு ஆள் கொடுத்திருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும்.

இன்பசேகரன் வண்ணமீன் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் மீன் தொட்டிகளுக்கு நடுவில்தான் அணியின் அலுவலகம். பவுன்ராஜ் தன் ஐம்பத்தொன்று வேகத்தில் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவன் மீன்களுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. டீமோட சராசரி வயசு முப்பத்தொம்பது. எங்கயாச்சும் உண்டுமா?"

"என் இடத்துக்கு வாரவன் வயசு என்ன?"

அவன் தாளைப் பார்த்தான். "மைனஸ் ரெண்டு."

"சிவஞானத்துக்கு ரெண்டு ஆளு வந்திருக்கு. ரெண்டு பேருக்கும் மூக்கு முழி எல்லாம் இருக்கு. எனக்கு மட்டும் மைனஸா?"

"அவன் வேகம் எம்பத்திநாலு அண்ணாச்சி," என்றான் இன்பசேகரன், மெதுவாக, புண்படக் கூடாதென்று.

பவுன்ராஜ் வீட்டுக்கு வந்து லீக்கின் விதிப்புத்தகத்தை எடுத்தார். அறுபத்திநான்கு பக்கம். அந்தப் புத்தகத்தை அடிக்குறிப்புகளோடு வாசித்த ஒரே ஆட்டக்காரர் அவர்தான். அரசு அலுவலகத்தில் மாற்றலாகிப் போகிறவர் வருகிறவரிடம் பொறுப்பை ஒப்படைப்பதைப் போலவே இங்கும் ஒரு முறை இருந்தது. விதி பதினேழு: வெளியேறுபவர், தம் இடத்துக்கு வருபவரை நேரில் கண்டு, தமது நாற்காலியில் ஒருமுறை உட்காரவைத்து, இருவரும் கையெழுத்திட்ட பின்னரே விடுவிக்கப்படுவார். மற்றப் பன்னிரண்டு பேரும் அன்று மதியத்துக்குள் உட்காரவைத்து, கையெழுத்திட்டு, பெட்டியோடு பஸ் ஏறியிருந்தார்கள். பவுன்ராஜ் தன் நாற்காலியைத் துடைத்து நடுவீட்டில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. அதை நேரம் குறித்து எழுதிவைத்தார்.

சனிக்கிழமை லீக் குழு கூடியது. செயலாளர் ஹெலன் சந்திரா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. யாராக இருந்தாலும் எழுந்து நின்றுதான் பேச வேண்டும். இன்பசேகரன் எழுந்து, வருபவர் வர முடியாத நிலையில் இருப்பதால் காலி நாற்காலியையே வந்தவராகக் கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தான். நாற்காலிக்கு மூச்சு என்ற கட்டம் கிடையாதே என்றார் செயலாளர். அவன் உட்கார்ந்தான். பவுன்ராஜ் எழுந்தார். ராத்திரி முழுக்கத் தயார்செய்த உரை நான்கு பக்கம் இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

"பதினாலு வருசம் அந்த இடத்துல மிதி வாங்குனவன் நான், டீச்சர். என்னை அனுப்புங்க, வேண்டாங்கல. ஆனா ஒருத்தனைக் கொண்டாந்து என் கண்ணு முன்னால நிறுத்திட்டு அனுப்புங்க. இல்லாதவனுக்கு இடம் விட்டுட்டுப் போனா, நான் இங்க இருந்தேன்னு யாரு சொல்லுவா?"

செயலாளர் விதி பதினேழை இரண்டு தரம் வாசித்தார். வருபவர் வந்து பொறுப்பேற்கும்வரை நான்காம் இடத்தில் பவுன்ராஜே தொடர்வார் என்று தீர்ப்பு எழுதினார். அதன் கீழே இன்னொரு வரியும் எழுதினார்: பட்டியல் அச்சாகி முத்திரை வைக்கப்பட்டுவிட்டதால், அந்த இடத்துக்குரிய நான்கு கட்டங்களையும் வரும் ஜூன்வரை மாற்ற இயலாது.

பவுன்ராஜ் அதையும் வாசித்தார்: வயது மைனஸ் இரண்டு, வேகம் எண்பத்திநான்கு. அச்சான பின் திருத்தக் கூடாது என்பது அவர் தொழிலிலும் உள்ளதுதான். கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது வழியில் எல்லாரையும் முந்தினார். ஞாயிறு நான்கு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். கோவில்பட்டி மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தது. நான்காம் எண் இரண்டு பெனால்டி கார்னர்களைத் தடுத்து, முழங்காலில் பலமாக அடிவாங்கியதாக அறிக்கை சொன்னது. திங்கட்கிழமை காலையில் காயம் வரவில்லை. வருவதற்கு இன்னும் முழங்கால் அமையாததால், இரண்டு வருடமும் சில மாதமும் கழித்து வரும் என்று லீக் அலுவலகம் குறிப்பு அனுப்பியது.

அச்சகத்தில் முதலாளி வருகைப் பதிவேட்டில் அவர் பெயரைப் பென்சிலால் மாற்றி எழுதியிருந்தார். பிறக்காதவர்களுக்கு மை போடுவதில்லையாம். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவனுக்குப் பென்சிலா என்று பவுன்ராஜ் சண்டை போட்டார். போட்டுக்கொண்டே முந்நூறு லேபிள்களைப் பிழை திருத்தி முடித்தார். ஜெயக்கொடி வீட்டில் அவர் சட்டைகளை எல்லாம் சலவை செய்து, பாச்சை உருண்டை போட்டு, பெட்டியில் அடுக்கினாள். தென்காசிக்கு இல்லை, நாளானாலும் கெடாமல் இருக்க வேண்டுமே என்றாள். அவர் அவளோடும் சண்டை போட்டார். சட்டையில்லாமல் வேலைக்கு எப்படிப் போவதாம்?

மாலையில் எட்டயபுரத்திலிருந்து அம்மா போன் செய்தாள். வெயிலுகந்தம்மாளுக்கு எழுபத்தாறு வயது.

"பவுனு, மறுபடியும் நீதானாம்லய்யா. லீக்குல இருந்து கடுதாசி வந்துச்சு. போன தடவை உங்கப்பா இஷ்டத்துக்குப் பேரு வச்சாரு. இந்தத் தடவை நான் வைக்கட்டா?"

தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் பவுன்ராஜ். சட்டையின் முதுகில் அடங்கும்படியாக மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சரி என்று சொன்ன அம்மா, நர்ஸ் வந்து காத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.