கம்பளத்துக்கு அடியில் ஒரு குரல்

துனிசியாவின் கைரவான் நகரில் கம்பளக் கடை வைத்திருக்கும் ஷாத்லி, தன் கணினியில் லினக்ஸ் போட்டதற்கு ஒரே காரணம் அது இலவசம் என்பதுதான். இலவசத்திலும் ஏதாவது குறைத்துத் தருவார்களா என்று விசாரித்தவர் அவர். பழைய மடிக்கணினியில் இடம் போதவில்லை. அதனால் கோப்புகளைச் சேமிக்கப் பின்னறையில் ஒரு நெட்வொர்க் டிரைவ் வைத்தார். மடிக்கணினியில் 'பெட்டி' என்று ஒரு காலி ஃபோல்டரை உண்டாக்கி, டிரைவை அதில் பொருத்தினார். பிரவுசர் எதை இறக்கினாலும் நேராக அங்கே போய் விழும்.

அந்த வாரம் இறக்கியது லேசான பொருளல்ல. அவர் மனைவி ஜலீலாவின் அண்ணன் தய்யிப், பிரான்சின் லியோனுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். எழுத வராது, கேசட்டில் பேசி அனுப்புவான். சாரம் சரிந்து அவன் இறந்தபின் அவளிடம் மிஞ்சியது ஒரே ஒரு கேசட். அதைப் போட்டுக் கேட்கும் கருவியும் எப்போதோ கெட்டுவிட்டது. தலைநகர் தூனிஸில் ஒருவர் அதைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தார். மாற்றிய கையோடு நாடா அறுந்துபோனது. கோப்பை இறக்கும் இணைப்பு ஒரு வாரம்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார். ஜலீலா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஷாத்லி அன்றே இறக்கிவைத்து, அவள் வந்ததும் சேர்ந்து கேட்கலாம் என்று காத்திருந்தார்.

அவள் திரும்பி வந்து, மக்ரூத் இனிப்புத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டியில் கோப்பு இல்லை. இணைப்பும் காலாவதியாகியிருந்தது, தூனிஸ்காரரிடமும் பிரதி இல்லை.

"இறங்கி முடிஞ்சத என் கண்ணால பாத்தேன், ஜலீலா."

"பட்டணத்துக்காரங்ககிட்ட 'அசல் கைவேலை'ன்னு சத்தியம் பண்ணுவியே, அந்தக் கண்ணாலயா?"

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

மறுநாள் கடைக்கு சூஸ் நகரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கம்பளம் விரிந்தது. முதலில் பார்த்ததை வாங்க வந்தவர் மறந்தால்தானே பேரம் படியும்! திடீரென்று அந்தம்மா, "என் மூக்குக் கண்ணாடியக் காணோமே!" என்றார்.

"எங்கயும் போயிருக்காது தாயே," என்று ஜலீலா ஒவ்வொன்றாகச் சுருட்டினாள். "நீங்க தரையில வெச்சீங்க. நாங்க மேல விரிச்சிட்டோம், அவ்வளவுதான்."

கண்ணாடி வெறுந்தரையில் கிடந்தது.

ஷாத்லி அப்படியே நின்றுவிட்டார். இறக்கிய அன்று மின்சாரம் இல்லை. மடிக்கணினி பேட்டரியில் ஓடியது, இணையம் கைப்பேசியிலிருந்து வந்தது. பின்னறை டிரைவ் அணைந்து கிடந்தது. பிரவுசருக்கு என்ன தெரியும்? காலி 'பெட்டி' ஃபோல்டர் இருந்தது, கோப்பை மடிக்கணினியின் தரையிலேயே வைத்துவிட்டது. மின்சாரம் வந்ததும் டிரைவ் அதன்மேல் விரிந்துகொண்டது!

"நீங்க சொன்ன விலைக்கே எடுத்துட்டுப் போங்க!" என்றார். சூஸ்காரர் பயந்துபோய், கம்பளத்தில் ஓட்டை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார்.

அவர்கள் போனதும் ஷாத்லி டிரைவைக் கழற்றினார். பெட்டிக்குள் ஒரே ஒரு கோப்பு. இரைச்சலுக்கு நடுவே ஓர் இளைஞன் பேசினான்.

"ஜலீலா, அந்தக் கம்பளக்காரப் பையன் வெறும் வாயாடியாம், அம்மா சொன்னாங்க. ஆனா நம்ம வீட்ல உனக்காகக் கேட்ட மஹர் பணத்த ஒரு வார்த்தை பேரம் பேசாம ஒத்துக்கிட்டானாமே? அவன் வம்சத்துலயே நடக்காத விஷயம்டி இது. விட்டுடாத."

ஜலீலா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"இத நீ என்கிட்ட சொன்னதே இல்லையே," என்றார் ஷாத்லி.

"சொன்னா விலை ஏத்திருவ." அவள் தோள் அவர்மேல் சாய்ந்தது. "வாழ்க்கையில ரெண்டாவது தடவையா இன்னைக்குப் பேரத்த விட்டிருக்க."

"வெளிய சொல்லிடாத, கடை கெட்டுப்போகும்."

"சரி சரி. இன்னொரு தடவ போடு."