கொல்லையில் சிவப்புத் தண்ணீர்

எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் ஒரு வைக்கோல் போர்தான் உண்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் துலக்கியிருக்கிறேன், ஒருநாளும் பயந்ததில்லை. போன கார்த்திகையில் பயந்தேன். ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்ற மகள் தமிழ்நிலா உள்ளே படுத்திருந்தாள். குழந்தைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை.

அடைமழை விட்டபாடில்லை. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்குக் கலிங்கு என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அதை வழிய விடுகிற வழக்கமே கிடையாது. ஏரிக்கு வருகிற கால்வாயில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். தை வரை சம்பாவுக்கு வேண்டுமே என்று ஐப்பசியிலேயே கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கி, ஒரு முழம் கூடுதலாகப் பிடித்து வைத்துவிடுவோம். அதில் ஊருக்கே பெருமை. என் வீட்டுக்காரர் ரெத்தினம்தான் மூட்டை அடுக்குவதில் முதல் ஆள்.

அன்று காலை சாணி அள்ளப் போனபோது, கரையின் அடியில் சுண்டுவிரல் தடிமனுக்குத் தண்ணீர் வருவதைப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர்தான். அவரைக் கூப்பிட்டேன். பக்கத்துத் தெரு பக்கீர் முகம்மதுவும் கூட வந்தார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கலிங்கு வாய்க்காலை ஒட்டி அவருக்கு ஆறு மா நிலம். சம்பா, கதிர் தள்ளுகிற பருவத்தில் பொதி கட்டி நின்றது.

"நண்டு வளைதான். வரப்புல வராதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

வரப்பில் நண்டு வளை போட்டுத் தண்ணீர் ஒழுகினால் இங்கே எல்லோரும் செய்வது ஒன்றுதான். வைக்கோலைக் களிமண்ணில் பிசைந்து, துவாரத்தில் திணித்து, குதிகாலால் மிதிப்பார்கள். முழங்கால் உயர வரப்புக்குச் செய்வதையே இரண்டு ஆள் உயரக் கரைக்கும் செய்தார்கள். தண்ணீர் நின்றது.

"இதுக்குப் போயி மூஞ்சிய எப்புடி வச்சிருக்கா பாருங்கண்ணே" என்று என் வீட்டுக்காரர் சொல்ல, இரண்டு பேரும் டீ குடிக்கக் கிளம்பினார்கள்.

எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பக்கம் ஏரி முழுக்கத் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த வாயைப் பொத்தினால் அது எங்கே போகும்? கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆம்பிளைகளுக்கு ஏரியைப் பற்றிச் சகலமும் தெரியும். பொம்பளைக்கு அதில் துணி துவைக்கத்தானே தெரியும்.

மகளுக்குப் பத்தியச் சோறு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், உலை கொதிக்கிற மாதிரி தரை கொப்புளித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் சிவப்பாக வந்தது.

எங்கள் ஊர் மண் கறுப்பு. எங்கே தோண்டினாலும் கறுப்புதான். கரை மட்டும்தான் சிவப்பு. மேற்கே மேட்டிலிருந்து வண்டி வண்டியாகச் செம்மண் அடித்துக் கட்டியது. அப்படியென்றால் கரை உள்ளுக்குள்ளே கரைந்து என் காலடியில் வந்துகொண்டிருக்கிறது. உள்ளே ஓடினேன்.

"தமிழு, புள்ளையத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போ. ஒண்ணத்தையும் எடுக்காத."

"இந்த மழையிலயாம்மா?"

"போன்னா போ."

பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, ஆனால் அதற்கு வழி கரையடியோடுதான். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளால் ஓட முடியாது. எதிர்வீட்டு ஜெயபாரதியைக் குடையோடு அவளுக்குத் துணை அனுப்பிவிட்டு, கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன்.

"செவப்பா வருதுங்க. நம்ம கொல்லையில."

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. "இன்னும் ரெண்டு கூடை களிமண்ணு போட்டா…"

"அடைச்சதுனாலதான் இங்க வந்துருக்கு. கலிங்கு மூட்டையப் பிரிங்க."

"பிரிச்சா அண்ணன் வயலு முழுவிடும்டி. வாய்க்கா மண்ணு மூடித் தூந்து கெடக்குல்ல?"

பக்கீர் அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வயல் பக்கம் பார்த்தார். பொதிப்பயிர் முழுகிக் கிடந்தால் அப்புறம் பதர்தான் என்பது எனக்கும் தெரியும். முழுகட்டும் என்றுதான் நினைத்தேன். என் பிள்ளை இன்னும் கரையடியில் நடந்துகொண்டிருந்தாள்.

கலிங்குக்கு ஓடி மேல் மூட்டையை இழுத்தேன், ஊறிப்போய் அசையவில்லை. அரிவாளால் சாக்கைக் கிழித்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பக்கீர் அண்ணன். கையைப் பிடித்துவிடுவாரோ என்று அரிவாளை இறுக்கிக்கொண்டேன்.

அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"தள்ளிக்குங்க தங்கச்சி. தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிடும்."

என் வீட்டுக்காரரும் வந்து இறங்கினார். மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. தண்ணீர் இரைந்துகொண்டு வாய்க்காலில் விழுந்து, வாய்க்கால் கொள்ளாமல் அண்ணனின் வயலுக்குள் ஏறியது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பொழுது சாய்வதற்குள் ஏரி ஒரு முழம் இறங்கிவிட்டது. கொல்லையில் கொப்புளிப்பது அடங்கி, தண்ணீர் தெளிந்து கசிந்தது. கரை நின்றது. பள்ளிக்கூடத்து வராந்தாவில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

வாசலில் நனைந்த கைலியோடு பக்கீர் அண்ணன் நின்றிருந்தார்.

"அண்ணே, உங்க வெள்ளாமை…"

"வீட்டுல இன்னும் சொல்லல" என்றார். "நீங்க கொஞ்சம் எங்கூட வர்றீங்களா?"

போனேன். அவர் மனைவி ரசியா பேகம் கதவைத் திறந்ததும், "பச்சப்புள்ள பத்திரமா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

இருக்கு என்றேன். வயல் முழுகியதை யார் சொல்வது என்று அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.