துர்காதேவியின் நத்தைகள்

விடிந்ததும் இடுப்பளவு நீரில் நின்று, தன் மூங்கில் மிதவையில் கடற்பாசிப் பயிர் கட்டியிருந்த கயிறுகளைத் தடவித் தடவிக் கடுகளவு நத்தைகளைப் பொறுக்குவது துர்காதேவியின் வழக்கம். பெற்ற பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பதில்கூட அவள் அவ்வளவு அக்கறை காட்டியதில்லை. பயிரைத் தின்னவந்த பகைவர்கள்தாம். ஆனாலும் கொல்ல மனம் வராது, வெள்ளிக்கிழமை விரதக்காரி. ஆகவே அவற்றைக் கைநிறைய அள்ளி, யாரும் பாராதபோது பக்கத்து மிதவையில் போட்டுவிடுவாள். அது சாராளுடையது. ஜீவகாருண்யம் இவ்வாறு தழைத்தது.

நெம்மேலிக்குத் தெற்கே, அலையை மறிக்கும் கல் தடுப்பின் உட்புறத்தில் மகளிர் குழுவின் மிதவைகள் கிடந்தன. கோடை ஏறியதும் துர்காதேவியின் கயிறுகளில் தலைமுடிபோலப் பச்சைக் களைப்பாசி படர்ந்து பயிரை மூடியது. சாராளின் பயிரோ எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல் பளபளத்தது. காரணம் கண்டுபிடிக்கத் துர்காதேவிக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

"அவதான்க்கா களைய எடுத்தாந்து என் கவுத்துல சுத்துறா. என் கண்ணால பாத்தேன்," என்றாள் குழுத் தலைவி கன்னியம்மாவிடம்.

கண்ணால் பார்த்ததாக ஒருவர் சொன்னபின் விசாரணை எதற்கு? சாராளின் மிதவை தடுப்புக்கு வெளியே, அலை மோதும் இடத்துக்குத் தள்ளப்பட்டது. கடல் சற்றுக் கோபித்தால் மூங்கில்கூட மிஞ்சாது.

"இன்னாக்கா, என் பொழப்பையே கடல்ல வுட்டுட்டியே!" என்றாள் சாராள்.

"முன்ன மட்டும் இன்னா, மாடியிலயா இருந்துச்சு?" என்றாள் தலைவி.

குற்றவாளியைத் துரத்தியும் குற்றம் நிற்கவில்லை. களை இன்னும் தடித்தது. குழம்பிப்போன கன்னியம்மா, எல்லாரையும் படகில் ஏற்றிக்கொண்டுபோய், வெளியே கிடந்தும் களை பிடிக்காத சாராளின் கயிற்றைத் தூக்கிப் பார்த்தாள். கயிறெங்கும் நத்தைகள். பயிரைத் தொடாமல், அதன்மேல் முளைத்த பச்சை இழைகளை மட்டும் ஆட்டு மந்தைபோல் மேய்ந்துகொண்டிருந்தன.

"அடியே, இதுங்கதான் களைய துன்னுதுங்க!" என்றாள் தலைவி.

துர்காதேவிக்குப் பொறுக்கவில்லை. "அத்தினியும் என் நத்தைங்கக்கா! தெனம் பொறுக்கி இவ மெதவையில போட்டுகினு இருந்தவ நானு. திருப்பிக் குடுக்கச் சொல்லு!"

சாராள்தான் முதலில் சிரித்தாள்.

"பேர் சொல்லிக் கூப்புடுக்கா. வந்தா இட்டுகினு போ."

"அப்போ கண்ணால பாத்தேன்னியே, அது இன்னாடி?" என்றாள் கன்னியம்மா.

துர்காதேவியின் தலை தாழ்ந்தது.

"நான் எதையும் பாக்கல, சாராளு. பொறாமையில பொய் சொல்லிட்டேன்."

அன்றே அவள் நீரில் இறங்கினாள். சாராளின் மிதவையைத் தடுப்புக்குள் இழுத்துவந்து, தன் மிதவை கிடந்த இடத்திலேயே கட்டினாள். தன்னுடையதை அவிழ்த்து வெளியே தள்ளிக்கொண்டுபோனாள். முடிச்சுப் போடும்போது ஓர் அலை அவள் தலைமேல் ஏறி இறங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் கயிற்றைப் பிடித்தாள்.