ஆறாவது கழுவல்

கெத்திவே தலையைப் பெட்டிக்குள் நுழைத்திருந்தாள். புளித்த பால் பாக்கெட்டுகள் வந்திறங்கும் சாதாரண அட்டைப் பெட்டிதான். உள்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டி, தலை நுழைய ஓர் ஓட்டை போட்டால் பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. எம்பங்கேனி ஊர்க் கடைக்காரர்கள் கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் ஊதா டார்ச் ஒன்று கையில். பல்கலைக்கழகம் வாங்கித் தருவதாகச் சொன்ன கருவிக்கு மூன்று வருடமாக மனு போட்டு அலுத்து, கடைசியில் இந்தப் பெட்டியும் டார்ச்சும்தான் ஆய்வகத்துக்கு வாய்த்தன.

டார்ச்சை அழுத்தினாள். கண்ணாடிக் குப்பியிலிருந்த மங்கல் திரவம் அடுப்புக் கங்குபோலச் சிவந்தது.

"வந்துருச்சா மா?" என்று வெளியிலிருந்து ஜபிசிலே கேட்டாள். கூடப் படிப்பவள். கெத்திவேயைவிடப் பதினெட்டு வயது இளையவள், வாய் மட்டும் இருவருக்கும் சேர்த்துப் பேசும்.

"நீயே பாரேன்."

அவளும் தலையை நுழைக்க, மண்டையோடு மண்டை மோதியது. வலியைப் பொருட்படுத்தாமல் இருவரும் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மண்ணெண்ணெய் மாதிரி ஒரு திரவத்தில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள். ஊதா ஒளி பட்டால் தம் பங்குக்கு ஒளி விடும். பொடிசாக இருந்தால் பச்சை, கொஞ்சம் வளர்ந்தால் சிவப்பு. சூடான குடுவையில் மருந்தைச் செலுத்திய பிறகு எத்தனை நிமிடம் வளரவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்து மாதமாகப் பச்சையும் மஞ்சளுமாகவே வந்து கழுத்தறுத்த துகள், இன்றுதான் சிவப்புக்கு வந்திருக்கிறது. அதுவும் பாஸ்பரஸ் மருந்தின் கடைசிச் சொட்டில். அடுத்த பாட்டில் கப்பலேறி வர மூன்று மாதமாகும். கெத்திவேயின் படிப்பு விடுப்போ டிசம்பரோடு தீர்ந்துவிடும். இருபது வருடம் எஷோவேயில் பள்ளிக்கூடத்து வேதியியல் டீச்சராக இருந்தவள், இரண்டு வருட விடுப்பில் இந்தப் பட்டத்துக்கு வந்திருந்தாள். இந்தக் குப்பி கைகொடுக்காவிட்டால் வெறுங்கையோடு கரும்பலகைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பட்டத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று, துகள் ஒளிர்கிறது என்பதற்கு அளவு. இன்னொன்று, துகளின் உருவம். அந்தப் படம் எடுக்கும் பெரிய நுண்ணோக்கி டர்பனில் இருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இவளுடைய முறை. அந்த முறைக்காக இரண்டு மாதம் காத்திருந்தாள்.

டர்பன் நுண்ணோக்கிக்காரர் ம்செலேகு சாமானியப்பட்டவரில்லை. போன தடவை இவள் கொண்டுபோன மாதிரியைத் திரையில் பார்த்துவிட்டு, "இதென்ன ஒரே எண்ணெயா இருக்கு? இதுல அமக்வின்யா மாவுருண்டை போட்டுப் பொரிச்சு எடுக்கலாம் போலிருக்கே" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். துகளைச் சுற்றி மீன் வாடை அடிக்கும் ஓர் எண்ணெய் ஒட்டியிருக்கும். நுண்ணோக்கியின் கதிர் பட்டால் அது கருகி, படம் முழுக்கக் கறையாகிவிடும். சுத்தத்துக்காக மாணவர்களை ஓட ஓட விரட்டிய டீச்சருக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்துவிட்டது.

ஆகவே புதன்கிழமை காலை கழுவ உட்கார்ந்தாள். குப்பியில் ஆல்கஹால் ஊற்றினால் துகள் கலங்கி நிற்கும். சென்ட்ரிஃப்யூஜில் வைத்துச் சுற்றினால் அடியில் படியும். மேலே நிற்பதைக் கொட்டிவிட்டு மறுபடி கரைப்பது ஒரு கழுவல். ஆய்வகத்தின் செய்முறைத் தாளில் "சுத்தமாகும் வரை கழுவவும்" என்று எழுதியிருந்தது. ஜபிசிலே மூன்றாவது கழுவலிலேயே கொட்டாவி விட்டாள்.

"போதும் மா. கல்யாண வீட்டுப் பாத்திரமா இது, இந்தத் தேய் தேய்க்கிறீங்க?"

"அந்த மனுஷன் வாயை அடைக்கணும்டி. பேசாம இரு."

ஆறு தடவை கழுவினாள். பிறகு பெருமையோடு பெட்டிக்குள் தலையை விட்டு டார்ச்சை அழுத்தினாள்.

ஒன்றுமில்லை. திரவம் தண்ணீர்போலச் சும்மா இருந்தது.

டார்ச்சைத் தட்டினாள், குலுக்கினாள். ஜபிசிலே தன் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பெட்டிக்குள் நீட்டினாள். நோட்டின் குறி பளிச்சென்று தெரிந்தது. டார்ச்சில் குறையில்லை. கெத்திவே தலையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றாள். அழுகை வந்தது. அதைப் பார்க்க அந்தப் பெட்டியைத் தவிர வேறு யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் மலுசி வந்தான். அவளுடைய ஆய்வுக்கு மேற்பார்வையாளன், முனைவர், முப்பத்து மூன்று வயது. ஒன்பதாம் வகுப்பில் அவளிடம் வேதியியல் படித்தவன். இப்போதும் அவள் முன்னால் பாக்கெட்டில் கைவிட்டு நிற்க மாட்டான்.

"மேம், எத்தனை தடவை கழுவுனீங்க?"

"ஆறு."

மலுசி முகத்தைத் தடவிக்கொண்டான். "அந்த எண்ணெய் அழுக்கில்ல மேம். அதான் துகளுக்குச் சட்டை. உரிச்சுட்டா மேல்பரப்புல குழி குழியா ஆயிடும், ஒளியெல்லாம் அதுல விழுந்து வீணாப் போயிடும். ரெண்டு, மூணு தடவையோட நிறுத்தியிருக்கணும்."

"அதைத் தாள்ல எழுதியிருக்கணும்ல டாக்டர்?" அவன்மேல் கோபம் வந்தால்தான் டாக்டர் என்பாள். "சுத்தமாகும் வரைன்னா என்ன அர்த்தம்? ஒன்பதாவதுலயே உனக்குச் சொல்லிக்குடுத்தேன், நம்பர் இல்லாத செய்முறை செய்முறையே இல்லைன்னு."

"நான்தான் எழுதுனேன். தப்புதான் மேம்."

அவன் இவ்வளவு சட்டென்று ஒத்துக்கொண்டதும் அவள் கோபம் இறங்கியது. என்னவோ நினைவு வந்தவளாக மேசை ஓரத்துக்குப் போனாள். அங்கே தாங்கியில் சுண்டுவிரல் பருமனில் ஏழு குப்பிகள், பூஜ்யம் முதல் ஆறு வரை சீட்டு ஒட்டி நின்றன.

"இது என்ன?" என்றான் மலுசி.

"ஒவ்வொரு தடவை கழுவி முடிச்சதும் ஒரு துளி எடுத்து வெச்சேன். பசங்களை எப்பவும் அப்படித்தான் செய்யச் சொல்லுவேன். கை தன்னால செஞ்சிருக்கு."

மலுசி தாங்கியைப் பெட்டிக்குள் வைத்துத் தலையை விட்டான். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. ஜபிசிலே அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டுத் தான் பார்த்தாள். அப்புறம் கெத்திவே பார்த்தாள். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று நான்கும் நல்ல சிவப்பு. நான்கில் மங்கல். ஐந்தில் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம். ஆறு இருட்டு.

"கழுவுனா மங்கும்னு உலகத்துக்கே தெரியும் மேம். ஆனா நம்ம துகள் எந்தக் கழுவல்ல எவ்வளவு மங்குதுன்னு நான்கூட எண்ணிப் பார்த்ததில்ல. ஒரே குடுவைல இருந்து ஏழு படி. இது ஒரு அத்தியாயம்."

"அத்தியாயமெல்லாம் இருக்கட்டும். இந்த ஆறாவது பொழைக்குமா?"

"பாதிய அப்படியே டர்பனுக்கு வெச்சுக்கலாம், எண்ணெய் இல்லாததால படத்துல கறை வராது. மீதிக்கு எண்ணெயைத் திருப்பிக் குடுத்துப் பார்ப்போம்."

மீன் வாடை எண்ணெய் இரண்டு சொட்டு, நைட்ரஜன் நிரப்பிய குப்பியில் இளஞ்சூடு. மாலை நான்கு மணிக்கு வழக்கமான மின்வெட்டு. அதற்குள் பக்கத்துத் துறையின் கருவியைக் கேட்டு வாங்கி ஏழு குப்பிகளின் ஒளியையும் அளந்து முடித்தார்கள். மூன்றே முக்காலுக்குக் கெத்திவே பெட்டிக்குள் தலையை விட்டாள். சிவப்பு திரும்பி வந்திருந்தது. பழையபடி முழுசாக இல்லை, முக்கால்வாசிதான். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஜபிசிலே கொண்டுவந்திருந்த வேகவைத்த அமடும்பே கிழங்கை மூவரும் வாசலில் உட்கார்ந்து உப்புத் தொட்டுத் தின்றார்கள். கைகழுவ எழுந்தபோது "எத்தனை தடவை மா?" என்று ஜபிசிலே கேட்க, கெத்திவேக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

வியாழக்கிழமை டர்பனில் ம்செலேகு மாதிரியை நுண்ணோக்கிக்குள் ஏற்றிவிட்டு விளக்கை அணைத்தார். திரையில் சாம்பல் நிறப் பின்னணியில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள், ஒன்றோடொன்று ஒட்டாமல் துல்லியமாக. கறை என்று ஒரு பொட்டுகூட இல்லை. அவர் வேண்டுமென்றே மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்த்தார்.

"இன்னைக்கு அமக்வின்யா இல்ல போலிருக்கே ம்மா."

"இருக்கு பாபா. தனியாக் கொண்டுவந்திருக்கேன்."

கைப்பையிலிருந்து எண்ணெய் திருப்பிக் கொடுத்த குப்பியையும் டார்ச்சையும் எடுத்தாள். அறை ஏற்கெனவே இருட்டு, பெட்டி தேவைப்படவில்லை. டார்ச்சை அழுத்தியதும் குப்பி சிவந்து, அந்தச் சிவப்பு அவர் விரல்களில் விழுந்தது.

ம்செலேகு குப்பியை நோக்கிக் குனிந்தார். முப்பது வருடமாக இந்த அறையில் உட்கார்ந்து யார் யாருடைய துகளையோ படம் எடுத்துக் கொடுத்தவர். எல்லாம் சாம்பல் நிறத்தில் கரும்புள்ளிகள்தான். எடுத்ததும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவருக்கு ஒளியைக் காட்ட வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. அது கெத்திவேக்கு அப்போதுதான் புரிந்தது. வாயடைக்க வந்தவள் அந்த எண்ணத்தை மறந்துபோனாள்.

"இதுவா அது?" என்று திரையைக் காட்டிக் கேட்டார்.

"இதே குடுவைதான் பாபா."

"எண்ணெய் இருந்தாத்தான் எரியுமோ?"

"ஆமாம். அளவா இருக்கணும்."

அவர் குப்பியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அடுத்து முறை வாங்கியிருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். "பத்து நிமிஷம் பொறுங்கய்யா" என்று உள்ளிருந்தபடியே சொல்லிவிட்டு, டார்ச்சையும் தரும்படி கையை நீட்டினார்.